மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஒரு நாற்காலி

நான்காம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. தள்ளுவண்டியில் தொடங்கி, இந்த மலேசியத் தீவின் ஜார்ஜ் டவுனில் சொந்தச் சாப்பாட்டுக் கடை வைத்தேன். பாலத்துக்கு அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில் இன்னொன்று. புகைபிடிப்பவர்கள் சட்டப்படி தாண்டிப் போய் உட்கார வேண்டிய மஞ்சள் கோடு ஒன்றையும் வாசலில் என் கையாலேயே போட்டேன்.

மெலிந்த மனிதர் ஒருவர் தினமும் கோட்டுக்கு அப்பால், சிகரெட் கூட்டத்தோடு உட்காருவார். பேசும் முன் நெஞ்சில் கைவைத்து மூச்சுக்குக் காத்திருப்பார். யாரையும் திட்டமாட்டார். இருமுகிறவரிடம் மட்டும், "எக்ஸ்ரே எடுத்தாச்சாண்ணே?" என்பார்.

"சாப்பிட வர்றவங்கள ஏன் லா பயமுறுத்துறீங்க?" என்று கேட்கப் போனேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே இருமல்.

"முதலாளி, நீங்க எடுத்தாச்சா?"

"நான் சிகரெட்டத் தொட்டதே இல்ல லா. கோட்டுக்கு உள்பக்கத்து ஆளு."

அவர் மூச்சுக்குக் காத்திருந்தார்.

"நானும் உள்பக்கத்து ஆளுதாண்ணே. தொட்டதே இல்ல. எனக்கு நுரையீரல்ல கேன்சர். இருமல்தானேன்னு ரொம்ப நாள் விட்டுட்டேன்."

மறுநாளே போய் எடுத்தேன். எனக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அதைச் சொல்லலாமென்று வந்தால் நாற்காலி காலி. பிறகு அவர் வரவேயில்லை. பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

அவர் பேச்சைக் கேட்டு எக்ஸ்ரே எடுத்தவர்கள் இந்தத் தெருவில் பலர். அந்தப் புண்ணியம் அவருக்கே. ஆனால் அவர் உட்கார்ந்த நாற்காலி என்னுடையது. அவரைப் பற்றி யாரிடமாவது சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.