விருந்தினர் நின்றால் பேண்டும் நிற்கும்

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேண்டு மாஸ்டராக இருந்தேன். எண்பதுகளில் சேர்ந்தவன். பார்க்கிறவர்கள் எல்லாம், "டிரில் சாரா?" என்பார்கள். டிரில் சார் வேறு, ஐயா! நான் டியூன் போடுகிறவன். கிளாரினெட், டிரம்பெட், யூஃபோனியம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதி, இருபது பிள்ளைகளைச் சேர்ந்து ஊத வைக்கிறவன்.

கல்யாணம் ஆகவில்லை. சிட்லபாக்கத்தில் மாடி அறை. சாயங்காலம் கிளாரினெட்டை எடுத்தால், நான் எழுதியதில் ஒரு பங்குதான் கேட்கும். வயலின்காரன் தனியாக வாசித்தாலும் பாட்டு பாட்டாக இருக்கும். பேண்டுக்கு எழுதுகிறவன் தனியாக உட்கார்ந்தால் முக்கால்வாசி மௌனம்தான். அதற்கும் கீழ்வீட்டம்மா, "சார், நியூஸ் ஓடுது, கொஞ்சம் நிறுத்திக்கிறீங்களா?" என்பார். அந்தத் தனிமை சகிக்காது.

ஆண்டு விழாவுக்காக ஒரு மார்ச் எழுதினேன். முதல் பாதி சும்மா தாட்பூட் என்று போகும். இரண்டாம் பாதியில்தான் என் உயிர் இருந்தது. டிரம் அடங்கி, யூஃபோனியம் மட்டும் மெல்ல எடுக்கும். மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேரும். அதை வெளியாள் ஒருத்தராவது முழுசாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு வெறி.

பள்ளியில் வழக்கம் என்னவென்றால், சிறப்பு விருந்தினர் கேட்டில் இறங்கியதும் தொடங்க வேண்டும். மேடையருகே போய் நின்றதும் நிறுத்திவிட வேண்டும். கொஞ்சம் கூட ஊதினாலும் கரஸ்பாண்டென்ட் முறைப்பார். வருகிறவர்களோ காலில் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டவர்கள் மாதிரி ஓடுவார்கள். அதனால் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன்: "என்னைப் பாக்காதீங்கடா, கெஸ்ட் காலைப் பாருங்க. அவர் நின்னா நீங்களும் நிக்கணும்." ஒரே வெட்டாக நிறுத்துவார்கள். இரண்டாம் பாதி வருஷா வருஷம் காகிதத்திலேயே கிடந்தது.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் கைத்தடியோடு வந்தார். ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தார். அப்பாடா, கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். முதல் பாதி முடிந்தபோது அவர் மைதானத்தின் நடுவில்தான் இருந்தார். யூஃபோனியம் எடுத்தது. கிளாரினெட் சேர்ந்தது.

பெரியவர் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். கேட்பதற்காக நின்றார்.

அவர் நின்றதும் பேண்டும் நின்றுவிட்டது.

நான் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். "வாசிங்கடா, வாசிங்கடா" என்று பல்லைக் கடிக்கிறேன். அத்தனை பேர் கண்ணும் அவர் காலில். அதற்குள் கரஸ்பாண்டென்ட் கைதட்ட, மைதானமே தட்டியது. நிறுத்தியதை மறுபடி தொடங்கும் வழக்கம் கிடையாது.

எங்களைக் கடக்கும்போது பெரியவர் என்னிடம், "நின்னு கேக்கலாம்னு பாத்தேன். அதுக்குள்ள முடிச்சிட்டீங்களே, இன்னும் இருக்கா?" என்றார்.

"இல்ல சார், அவ்ளோதான்" என்றேன்.