பக்கத்து வீட்டு போன்

“...கோயிலுக்குப் போய்கீது நைனா உங்கம்மா, பூசை முடிஞ்சி வர நேரமாவும்!” என்று போனில் கத்தினார் திருநின்றவூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் தெருவுக்கே அந்த ஒரு போன்தான். தூரத்திலிருந்து பேசுகிறவனிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மண்ணூர்பேட்டையில் தொழிற்சங்க வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாக இங்கிலீஷ் கற்றுக்கொண்டவன் நான். உலக நாடுகளின் கொள்கைகளைப் பற்றிய ஒரு மாதப் படிப்புக்கு உதவி ஆசிரியனாக என்னை வெளிநாட்டுக்கு அழைத்திருந்தார்கள். கட்டுரைகளை நகலெடுப்பேன், நாற்காலிகளை வட்டமாகப் போடுவேன், விவாதத்தைத் தொடங்கி வைப்பேன். ஏழை நாடுகளைப் பற்றி மாணவர்கள் நாளெல்லாம் பேசுவார்கள். வகுப்பு முடிந்ததும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடுவார்கள். ஊரில் வாய் ஓயாத நான் ஒரு வாரமாகத் தமிழில் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

அம்மா இல்லாவிட்டால் என்ன, குரல் கேட்டால் போதும் என்றிருந்தது. “நீங்களே பேசுங்கக்கா. தெருவுல என்ன விசேஷம்?” என்றேன்.

“இன்னாத்த சொல்றது? நேத்து பூரா கரண்ட் இல்ல. ஏரிக்காத்து வந்துச்சோ பொழச்சோம். நீ துன்னியா?”

“சாப்ட்டேன்க்கா. அப்புறம்? இன்னும் சொல்லுங்க.”

“அய்ய! ஃபாரின்லேர்ந்து போன் போட்டுகினு கதையா கேக்குற? காசு எகிறிக்கினு போவுது, உனுக்கு வெவரமே பத்தல. நல்லா கீறல்ல? அது போதும், அம்மா கைல சொல்லிட்றேன்” என்று அதட்டினார். “இல்லக்கா...” என்று நான் ஆரம்பிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.