உருமாலுக்கு அடியில்

பூஜிதாவின் தலையில் விழுந்த முதல் வட்டம் ஒரு ரூபாய்க் காசளவுதான் இருந்தது. கோயமுத்தூர் பம்ப் கம்பெனி ஒன்றில் மோட்டார் சோதிக்கிறவள் அவள். ஓடுகிற சத்தத்தை வைத்தே உள்ளிருக்கும் பழுதைச் சொல்லிவிடுவாள். இது சத்தமே இல்லாமல் வந்தது.

“புழுவெட்டு” என்றாள் அம்மா. காங்கேயத்துக் காட்டிலிருந்து ஆத்துத்தும்மட்டிக் காய் வரவழைத்து, அறுத்துத் தேய்த்தாள். தோல் வெந்து கொப்புளம் கண்டது. புழு சாகவில்லை, இருந்தால்தானே சாக!

தோல் டாக்டர் விளக்கிச் சொன்னார். “புழுவும் இல்ல, பூச்சியும் இல்லம்மா. நோயை எதிர்க்கிற சக்தி ஆள் தெரியாம உங்க முடி வேரையே அடிக்குது. யாருக்கும் தொத்தாது. முளைக்கும், திரும்பக் கொட்டவும் செய்யலாம். சில குடும்பத்துல கூடப்பிறந்தவங்களுக்கும் வர்றதுண்டு.”

கடைசியாகச் சொன்னதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

ஊசி போட்ட இடத்தில் வெள்ளையாகப் பூனைமயிர் முளைத்தது. அதற்குள் பக்கத்தில் இன்னொரு வட்டம். தலையணையைப் பார்க்காமல் எழப் பழகினாள்.

அப்போதுதான் அண்ணன் மனோஜ்குமாருக்குக் கல்யாணம் கூடியது. முகூர்த்தத்துக்கு முன் மாப்பிள்ளையின் பக்கத்தில் உடன்பிறந்தவள் அமர்ந்து கூறைச்சேலையின் முனையைப் பிடிக்க வேண்டும். இணைச்சீர் என்பது அதுதான். சின்ன வயதிலிருந்து அவள் காத்திருந்த சீர்.

“வெள்ளாடு மேஞ்ச காடாட்டமல்லோ இருக்குது தலை!” என்றாள் பெரியம்மா பழனியாத்தாள். “என்ற மக கீதா உக்காரட்டும் அம்மணி. பொண்ணூட்டுக்காரங்க பாத்தா, மாப்பிள்ளைக்கும் தொத்தியிருக்கும்னு நெனைக்க மாட்டாங்களா?”

“தொத்தாதுங்க பெரீம்மா. டாக்டரே சொல்லீட்டாருங்க.”

“டாக்டரா பந்தியில உக்காந்து பதில் சொல்லப்போறாரு?”

மனோஜ்குமார் எழுந்துவிட்டான். “என்ற தங்கச்சி உக்காராட்டி எனக்குச் சீரே வேண்டாமுங்க.”

சவுரியும் மல்லிகையும் வட்டங்களை மறைக்க, பூஜிதா மணையில் அமர்ந்தாள். சேலை முனை கைக்கு வந்தது. பெரியவர்களை வணங்க அண்ணன் தலை குனிந்தான். மாப்பிள்ளைத் தலைப்பாகையான உருமால் பின்பக்கம் சற்று மேலேறியது.

காதுக்குப் பின்னால், புதிதாக வெட்டிய முடிக்கு நடுவே, வழவழவென்று ஒரு வட்டம். ஒரு ரூபாய்க் காசளவு.

பழனியாத்தாள் அரிசித் தட்டோடு பின்பக்கமாக வந்துகொண்டிருந்தாள். பூஜிதா கையை நீட்டி உருமாலைக் கீழே இழுத்துவிட்டாள்.

“ஏன் அம்மணி, இந்த இறுக்கு இறுக்கறே?” என்று சிரித்தான் அண்ணன்.

“அவுந்துருமுங்கண்ணா. கழட்டிப்போடாதீங்க.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

அவனுடைய பட்டுச் சட்டைத் தோளில் கறுப்பாக நாலைந்து முடிகள் கிடந்தன. சேலை முனையை விடாமல், மற்றொரு கையால் அவற்றை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள்.