அன்ரனா ஏற்ற வந்த கடல்காரர்

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாண நகரத்து ரி.வி. கடை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. எந்த வீட்டுக்கு எந்த நாள் ஆள் போகும் என்று கொப்பியில் எழுதி, முகவரித் துண்டு கொடுத்து அனுப்புவது என் பொறுப்பு. ரி.வி. விற்பது சுலபம், அதில் படம் தெரிய வைப்பதுதான் பெரும்பாடு. அக்கரையிலிருந்து வரும் இந்தியப் படத்தைப் பிடிக்க, உயரமான இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் அன்ரனாவைப் பூட்டி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும்.

இதற்கென்று மாதச் சம்பளத்தில் ஒரேயொருவர் இருந்தார். ரேடியோ திருத்தப் படித்த, நாற்பதைத் தாண்டிய மனிதர். எல்லோருக்கும் அவர் அண்ணை. ஒரு வீட்டுக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் திரும்புவார். அன்ரனாவை விரலளவு திருப்புவார், இறங்கி வந்து படத்தைப் பார்ப்பார், மறுபடியும் ஏறுவார். வீட்டுக்காரர் "காணும் அண்ணை, நல்லாத் தெரியுது" என்றாலும் விடமாட்டார்.

"செய்தி வாசிக்கிற மனிசிக்கு இரண்டு மூக்குத் தெரியுது. நீங்கள் பாக்கேல்லையோ?" என்பார்.

இந்த வேகத்தில் என் கொப்பி நிரம்பி வழிந்தது. முதலாளி ஒருநாள் குருநகரிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார். கடற்றொழிலாளி. சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்ததில் அவருடைய வள்ளம் கரையில் கிடந்தது. பாய்மரம் நட்டுப் பழகிய கைக்கு அன்ரனாக் குழாய் ஒரு பொருட்டா? சம்பளம் இல்லை, வீட்டுக்கு இவ்வளவு என்று பேச்சு. காலையில் வந்து துண்டை வாங்குவார், மத்தியானத்துக்குள் இரண்டு வீடு முடித்துவிடுவார்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். அண்ணைக்கு முகம் கறுத்தது.

"பிள்ளை, எனக்கு எழுதின வீட்டை ஏன் உவருக்குக் குடுத்தனீர்?" என்று என்னிடம்தான் பாய்ந்தார்.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்கியது. ஒரு காலை, கடை திறந்த கையோடு இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் உடுவிலிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் வீட்டில் அண்ணை நட்ட குழாய், காற்றுக்குச் சாய்ந்து மாட்டுக் கொட்டிலின்மேல் விழுந்துவிட்டது. கன்றுக்குட்டி மயிரிழையில் தப்பியதாம்.

"எங்கடை ஆள் போட்டது ரீச்சர். இண்டைக்கே வந்து சரிப்பண்ணுவார்" என்றார் முதலாளி.

மற்றவர் நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவர். அவர் வீட்டுக் குழாயை நட்டவர் குருநகர்க்காரர். அது இம்மியும் அசையவில்லை. ஆனால் பூட்டிய நாள் முதல் படம் ஒரே புள்ளிமயம்.

"அது வெளி ஆள் போட்டது. அவரைத்தான் கேக்கவேணும்" என்றார் முதலாளி.

தோட்டக்காரர் கொதித்துவிட்டார். "நான் உங்கடை கடையிலை தானே ரி.வி. வாங்கினனான்? ஆரை அனுப்பிறதெண்டு நானோ தெரிஞ்செடுத்தனான்?"

அண்ணையும் குருநகர்க்காரரும் வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ, இரண்டு வீட்டையும் ஒரே துண்டில் எழுதி, "இரண்டு பேரும் சேர்ந்து போங்கோவன்" என்று நீட்டினேன். அண்ணை முறைத்தார். ஆனாலும் போனார்.

என் வீடு மருதனார்மடத்துப் பக்கம். அன்று வேலை முடிந்து சைக்கிளில் போகும்போது, வழியிலுள்ள ஆசிரியை வீட்டில் எட்டிப் பார்த்தேன். நீர்வேலியை முடித்துவிட்டு அங்கே வந்திருந்தார்கள். குருநகர்க்காரர் கூரைமேல் நின்று குழாயை மெல்லத் திருப்பிக் கம்பியை இழுத்துக் கட்டினார். அண்ணை உள்ளே ரி.வி.க்கு முன்னால் சம்மணமிட்டபடி, "இன்னும் கொஞ்சம்... பொறு, பொறு... அவ்வளவுதான்!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஆசிரியை கொடுத்த தேத்தண்ணி அவர் பக்கத்தில் ஆறிக் கிடந்தது.

என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லாதையும். உச்சியிலை நிக்கேக்கை எனக்குக் கால் நடுங்கும். இறங்கினால் போதுமெண்டு அவசரத்திலை கட்டிறதாலைதான் கம்பி தளருது."

இத்தனை வருடமும் அந்தப் பயத்தோடுதான் ஒரு வீட்டில் பத்துத் தடவை ஏறி இறங்கினாரா! எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

இருவரும் சோடி சேர்ந்தபின் முறைப்பாடு நின்றது. முதலாளி குருநகர்க்காரரைக் கூப்பிட்டு, மாதச் சம்பளம் தருவதாகவும், கடைச் சட்டையைப் போட்டு எட்டு மணிக்கு வந்துவிட வேண்டுமென்றும் சொன்னார்.

"வேண்டாம் முதலாளி. கடல் திறந்தால் அண்டைக்கே போயிடுவன். உங்கடை சேட்டைப் போட்டுக்கொண்டு கடலைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது."

அண்ணை அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அடுத்த கிழமை முதலாளி முன்னால் போய், "என்னையும் வெளி ஆளா விடுங்கோ" என்றார்.

"இவ்வளவு காலம் இருந்திட்டு இப்ப என்ன?"

"கடை ஆளெண்டால், இவர் கடலுக்குப் போனபிறகு நான்தான் ஏறவேணும். வெளி ஆளெண்டால் ஏறுறதுக்கு நானே ஆள் பிடிப்பன்."

முதலாளி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுச் சம்மதித்தார். நீர்வேலிக்காரர் கேட்ட கேள்வி அவரை உறுத்தியிருக்க வேண்டும். யார் போட்டாலும் ஒரு வருடத்துக்குக் கடையே பொறுப்பு என்று ரசீதில் அச்சடிக்கச் சொன்னார். தங்களோடு சேரும்படி அண்ணை என்னையும் கேட்டார். மாதம் முடியச் சம்பளம் கைக்கு வராவிட்டால் என் வீடு தாங்காது. நான் மேசையிலேயே இருந்துகொண்டேன்.

கடல் திறந்தது. குருநகர்க்காரர் போய்விட்டார். அண்ணை கலங்கவில்லை; கள் இறக்கப் பனையேறும் ஒருவரைக் கூட்டி வந்தார். அவருக்கு ஏணிகூடத் தேவைப்படவில்லை. முதலாளி ஆசையோடு எழும்பி, அவரிடமும் மாதச் சம்பளக் கதையை எடுத்தார்.

"விடியவும் பின்னேரமும் என்ரை மரங்களிலை ஏறவேணும் ஐயா," என்றார் அவர். "இடையிலைதான் உங்கடை குழாய்."