நான் காப்பாற்றிய பூச்சிகள்

குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள் நான். பூச்சிகளைப் பற்றிய என் அறிவெல்லாம் பிள்ளைகள் நிறம் தீட்டும் தாள்களிலிருந்து வந்தது. கனடாவில், மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுப் பின்வளவில், கணவர் நட்ட பயிற்றங்கொடியில் கறுப்பும் செம்மஞ்சளுமாய்க் குண்டுக் குண்டுப் பூச்சிகளைக் கண்டதும், லேடிபேர்ட், அதுதான் பொறிவண்டு, என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அவருக்கு அது வெறும் கொடி இல்லை. "கனடாவில உன்ர கையால பயித்தங்காய் வராது" என்று அவருடைய அக்கா எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். செப்டெம்பரில் அக்கா வரும்போது கறி வைத்துக் கொடுத்து வாயை அடைக்க வேண்டும். அந்த வருடம் மனுசனுக்கு வேறு இலட்சியம் இருக்கவில்லை.

"இதென்ன பூச்சி? தட்டிவிடட்டோ?"

"தொடாதேங்கோ. உது நல்ல பூச்சி. கூடாத பூச்சியளைத் தின்னும்."

பெண்சாதிக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்புகிறவர். கையை எடுத்துவிட்டார். நான் காலையில் வேலைக்குப் போகுமுன் அவற்றுக்குக் குட்மோர்னிங் வேறு சொன்னேன்.

ஓகஸ்ட் முடிவில் கறுப்பும் செம்மஞ்சளும் மறைந்துபோயின. அந்த இடத்தில் தட்டையான, கேடய வடிவான பச்சைப் பூச்சிகள், மெல்லிய மஞ்சள் கரை வைத்த பட்டுச்சேலை கட்டினதுபோல் அமர்ந்திருந்தன. ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். விரலில் ஏறிய நாற்றம் மூன்று தரம் சோப் போட்டும் போகவில்லை. கைபேசியில் தேடினால், வட அமெரிக்காவின் பச்சை நாற்றப் பூச்சியாம். காயைக் குத்திச் சாறு உறிஞ்சுமாம். குஞ்சாக இருக்கும்போது கறுப்பும் செம்மஞ்சளுமாம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொல்லவில்லை. காய்கள் கோணலாகத் தொங்கியபோது, இந்த வருடம் வெயில் போதாது என்றேன். அவரும் தலையாட்டினார்.

செப்டெம்பரில் மச்சாள், அவருடைய அக்கா, வந்தார். கறிக்கு ஆய்ந்து வைத்திருந்த ஒரு காயைத் தூக்கிப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னனான். உனக்குக் கைராசி இல்லை."

கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மச்சாள், பிழை என்னிலதான். பூச்சியை அடிக்கவேண்டாமெண்டு நான்தான் மறிச்சனான்."

மச்சாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கணவர் ஒரு கோணல் காயை முறித்துச் சட்டிக்குள் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பூச்சி பச்சையா மாறின அண்டைக்கே எனக்கு விளங்கீற்றுது. காய் போனாப் போகட்டும். நீர் எப்ப சொல்லுவீரெண்டுதான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான்."