தேற்றாத்தீவிலிருந்து இங்கிலீஷ் கிளாசுக்கு வந்தவள்

கல்லடியில் நான் உளவளத்துணையாளராக வேலை செய்யும் அறைக்குக் கிழமைக்கொரு தடவை தேற்றாத்தீவிலிருந்து பஸ்ஸில் ஒரு பெண் வருவாள். பதினாறு வயது. உயிரை விட முயன்று பிழைத்து, வைத்தியசாலை என்னிடம் அனுப்பிய பிள்ளை. தாய் ஊருக்குச் சொல்லியிருந்தது வேறு: மகள் இங்கிலீஷ் கிளாசுக்குப் போகிறாள்.

ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மிஸ், பக்கத்து வீட்டு மாமி நேத்து மறிச்சிட்டா. 'எங்க, இவ்வளவு நாளாப் போறாய், ஒரு வசனம் இங்கிலீசில சொல்லுகா பாப்பம்' எண்டு கேக்கிறா. நான் இருமிக்கொண்டு உள்ளுக்கு ஓடிட்டன்."

பொய் அம்பலமானால் தாய் அவளை அனுப்பமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு சந்திப்பின் கடைசியிலும் கொஞ்சம் ஆங்கிலம் படிப்பித்தேன். "ஹவ் ஆர் யூ" என்று நான் கேட்பேன். "ஐ ஆம் பைன், தாங்க் யூ" என்று அவள் சொல்ல வேண்டும். சற்று முன்புவரை, தான் எதற்காக உயிரோடு இருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவள், அதைப் பிழையில்லாமல் சொன்னாள். நல்ல உச்சரிப்பு.

இப்படிப்பட்ட பிள்ளைகளுடன் இருக்கும்போது நமக்குள் எழுவதை ஒவ்வொன்றாகப் பெயரிட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சி. பெயரிட்டேன். முதலாவது பயம்: போன் அடித்தால் அவளைப் பற்றித்தானோ என்று. இரண்டாவது, தாய் மீது வெறுப்பு. மூன்றாவதைச் சொல்ல நாளெடுத்தது: அவள் மீதே எரிச்சல். நடந்ததை மறைத்து, தாய்க்காகச் சிரித்துத் திரியும் அந்தப் பணிவின் மீது. பாடப்புத்தகத்தில் இதற்கு நீளமான ஒரு சொல் இருக்கிறது. அது தெரிந்ததால் எரிச்சல் குறையவில்லை.

மூன்றாம் மாதம் தாயும் கூட வந்தார்.

"மிஸ், புள்ள இப்ப நல்லாச் சிரிக்கிறா. பக்கத்து வீட்டு மாமியோட இங்கிலீசும் கதைக்கிறா. இனிக் காணும்தானே, நிப்பாட்டுவமே? ஒரு சேட்டிபிக்கட் தந்தீங்களெண்டா நல்லம். சனம் கேக்குது."

சாகும் எண்ணம் மகளை விட்டு இன்னும் போகவில்லை என்று நேரடியாகவே சொன்னேன்.

"அதெல்லாம் முடிஞ்ச கதை மிஸ். ஏன் கிண்டுறீங்க?"

மகள் வாய் திறப்பாள் என்று காத்திருந்தேன். நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதே எரிச்சல் வந்தது.

"சேட்டிபிக்கட் இப்ப தர ஏலாதம்மா. இது முதலாம் லெவல்தான். இன்னும் ரெண்டு இரிக்கு" என்றேன்.

தாய் உடனே தலையாட்டினார். மகள் சாகக்கூடும் என்றபோது அசையாத தலை.

"ரெண்டு மட்டும்தானா மிஸ்?" என்று அவள் கேட்டாள். சிரிக்கவில்லை.

"இல்ல, நாலு" என்று திருத்தினேன்.

"அப்ப பெரிய கோர்ஸ்தான்" என்றார் தாய், பெருமையாக.