ரெக்கார்ட் ரூம் வாசலில் அரை மணி நேரம்

1. நாற்காலி

மாவேலு எங்கள் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் வந்து சேர்ந்த அன்றே முதல் தகராறு நாற்காலியில் ஆரம்பித்தது. கேர்டேக்கர் புது நாற்காலி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார். மாவேலு அதை மரியாதையாகப் பார்த்தார், சுவரோரம் தள்ளி வைத்தார், மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டார். பதினோரு மணிக்கும் நின்றார், மூன்று மணிக்கும் நின்றார். எல்லோரும் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தால் மற்றவர்களுக்கு வேலை ஓடாது. ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிற மாதிரி எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

நான் அப்போது அந்த செக்‌ஷனுக்கு செக்‌ஷன் ஆபீசர். சொந்த ஊர் திருச்சி. முப்பது வருஷமாக டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்வாசி. விதி தெரிந்தவள், வாய் நீளம் என்று இரண்டு பெயரும் எனக்கு உண்டு. ரிட்டயர் ஆன பிறகும் புதிதாக வேலையில் சேருகிறவர்கள் போன் பண்ணி லீவு விதி, பென்ஷன் விதி எல்லாம் கேட்கிறார்கள். அவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

மாவேலு புரவியர். அவர்களைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். நம்மைப் போல இரண்டு காலில் நடப்பவர்கள்தான். முகம் நீண்டது, காது மேலே, பிடரியில் மயிர், பாதம் குளம்பு. கையில் மூன்றே விரல், அதன் நுனியெல்லாம் நகம். அதனால் பயோமெட்ரிக் மெஷின் மாவேலுவை ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்காக மட்டும் பழைய ரிஜிஸ்டரை மறுபடி திறந்தோம். சர்வீஸ் புக்கில் அடையாளக் குறி என்ற இடத்தில் "நெற்றியில் வெள்ளைச் சுட்டி" என்று எழுதியிருந்தது. காங்கேயம் பக்கத்துப் புல்வெளிகளில் இவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். டெல்லியில் மாவேலு ஒருவர்தான். முப்பத்தாறு வயது, மனைவி, இரண்டு குழந்தைகள். கோயம்புத்தூர் ஆபீசிலிருந்து பிரமோஷனில் வந்தவர். இரண்டு வருஷம் புரொபேஷன். முனிர்காவில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தார்.

2. ஒரு கண்ணால் பார்ப்பது

எங்கள் டெபுடி டைரக்டர் மல்ஹோத்ரா சாப் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தன் எதிரில் நிற்பவன் தன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதில் உறுதியானவர். மாவேலு பார்ப்பதில்லை. தலையை ஒரு பக்கம் திருப்பி ஒரு கண்ணால் பார்ப்பார். பைலை நேரே வைத்தால் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு படிப்பார். "மேடம்ஜி, இந்த ஆளுக்கு என்ன திமிர்? என்னைச் சைடுல பார்க்கறான்" என்று சாப் என்னிடம் இந்தியில் பொருமினார்.

திமிர் இல்லை. புரவியருக்குக் கண்கள் இரண்டு பக்கமும் இருப்பதால் முதுகுக்குப் பின்னால் வருகிறவர்கூடத் தெரிவார், மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது மட்டும் தெரியாது. தவிரவும், இரண்டு கண்ணையும் ஒருவர் மேல் வைத்து நேராகப் பார்ப்பது அவர்கள் வழக்கத்தில் அடிக்கப் போகிறவன் பார்வை. மாவேலு சாப்புக்கு மரியாதைதான் செய்துகொண்டிருந்தார். மனதில் என்ன இருக்கிறது என்று தெரிய அவர் காதைப் பார்க்க வேண்டும். காது முன்னால் வந்தால் கேட்கிறார், பின்னால் படிந்தால் வருத்தம். எனக்கே இது பிடிபட மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் ஒரு மெமோ போய்விட்டது.

மத்தியானம் மூன்று மணிக்கு நின்றபடியே கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு அசைவில்லாமல் இருக்கிறார், பணி நேரத்தில் தூக்கம், விளக்கம் கொடுக்கவும் என்று மெமோ. கையெழுத்து சாப்புடையது, டிராப்ட் என்னுடையது. ஒரு இடத்தில்கூடத் திருத்தம் வராத நல்ல டிராப்ட் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

3. விழுந்தார்

நாலாவது மாதத்தில் மாவேலு விழ ஆரம்பித்தார். முதல் தடவை டெஸ்பேட்ச் மேஜை பக்கம். நின்றுகொண்டிருந்தவருக்கு முழங்கால் மடங்கி, தலை போய் டிரேயில் இடித்தது. உடனே எழுந்துவிட்டார், ஒன்றுமில்லை என்றார். இரண்டாவது தடவை காரிடாரில், கையில் டீயோடு. மூன்றாவது தடவை சாப் அறையில், மீட்டிங் நடுவில்.

டிஸ்பென்சரி டாக்டருக்குப் புரவியரைப் பார்த்துப் பழக்கமில்லை. வலிப்பாக இருக்கலாம் என்று எழுதிவிட்டார். அந்த ஒரு வரி போதும். மெடிக்கல் போர்டுக்கு அனுப்பும்படி சாப் உத்தரவு போட்டார், மூன்று வாரத்தில் தேதியும் வந்துவிட்டது. போர்டு தகுதியில்லை என்று சொல்லிவிட்டால் பிரமோஷன் மட்டுமில்லை, வேலையே போய்விடும். அவர் வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் அவர் ஒருவர்தான். போர்டுக்கான பேப்பர்களை நான்தான் தயார் செய்தேன்.

அதில் மாவேலுவின் கையெழுத்து வாங்கப் போனபோதுதான் கவனித்தேன். இரண்டு முழங்காலிலும் பேண்ட் தேய்ந்து, துணி கந்தலாகி, உள்ளே பழைய காயம், புதுக் காயம், காய்ந்த பொருக்கு. மூன்று தடவை விழுந்ததற்கு இவ்வளவு காயம் வராது. தினமும் விழுகிறவருக்குத்தான் வரும்.

"ரூம்லயும் விழறீங்களா?" என்று கேட்டேன்.

காது பின்னால் போய்விட்டது. "ராத்திரிக்கு நாலஞ்சு வாட்டிங்க" என்றார்.

"கடைசியா எப்போ படுத்துத் தூங்கினீங்க?"

"ரயில் ஏறறதுக்கு மொத நாளுங்க மேடம்."

கணக்குப் பார்த்தேன். நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்புறம் அவரே சொன்னார். "நின்னுட்டே தூங்கறது தூக்கமே இல்லீங்க. சும்மா கண்ணு அசர்ற மாதிரி. நெசத் தூக்கம் படுத்தாத்தான் வரும். படுக்கோணும்னா ஒருத்தரு முழிச்சு நிக்கோணுமுங்க. ஊட்ல எங்கம்மா நிப்பாங்க, சம்சாரம் நிக்கும், மாத்தி மாத்தி. இங்க தனியாப் படுத்தா ஒடம்பு படுக்க விடாதுங்க. எந்திரிச்சுருவேன். அப்புறம் அசதி தாங்காம நின்ன எடத்துலயே மடங்கிப் போறதுதான்."

இதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட்டேன். உரக்கவே கோபப்பட்டேன்.

"கேக்கப்படாதுங்க மேடம்" என்றார். "நமக்கு நிக்க ஆளில்லைன்னு வாய்விட்டுச் சொல்ற மாதிரி ஆயிரும். அவங்களாப் பாத்து வந்து நிக்கோணும்."

4. அவர்களாகப் பார்த்து வந்து

அன்று சாயங்காலம் மலை மந்திர் முருகன் கோயில் படி ஏறும்போதும் இதே யோசனை. "நான் நிற்கட்டுமா" என்று கேட்டாலும் அவரைச் சங்கடப்படுத்துவதாகத்தான் ஆகும். மறுநாள் லஞ்சுக்கு மணி ஒன்று அடித்ததும் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளத்தை ரெக்கார்ட் ரூமில் இரண்டு அலமாரிக்கு நடுவில் விரித்தேன். வாசலில் வந்து, அறைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மாவேலு காரிடார் கடைசியிலிருந்து என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பத்து நிமிஷம் நின்றார். பிறகு என்னைத் தாண்டி உள்ளே போனார். பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஒரு நிமிஷத்தில் குறட்டை.

நிற்பதற்குச் சில முறைகள் உண்டு, அதைப் பிறகு அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். உட்காரக் கூடாது, சாயக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. வேறு ஆள் வந்து அந்த இடத்தில் நிற்கும்வரை நகரக் கூடாது. அன்றைக்கு இது ஒன்றும் தெரியாமலே ஒழுங்காக நின்றிருக்கிறேன். மூட்டுவலிக்காரிக்கு அரை மணி நேரம் நிற்பது சாதாரண விஷயமில்லை.

மாவேலு எழுந்ததும் பிடரியை உதறிக்கொண்டு வந்து, "என்ன வந்துச்சுங்க?" என்று கேட்டார். கேன்டீன்காரர் வந்தார், டீ வேணுமா என்றார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன் என்றேன். மாவேலு சிரித்தார், நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்க்கிறேன். தூங்கி எழுகிறவர் இப்படிக் கேட்க வேண்டும், நின்றவர் "ஒண்ணும் வரலை" என்று சொல்ல வேண்டும், அது அவர்கள் வழக்கமாம். உள்ளதைச் சொன்னாலும் தப்பில்லையாம்.

தினமும் நின்றேன். ஒரு வாரத்தில் ஆபீசில் விழுவது நின்றுபோனது. அறையில் விழுவது குறைந்தது. மாவேலு பைலில் எழுதும் நோட்டிங் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

5. பார்லிமென்ட் கேள்வி

போர்டுக்கு ஒரு வாரம் இருந்தது. ஒன்றே கால் மணிக்கு மல்ஹோத்ரா சாப் காரிடாரில் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். பார்லிமென்ட் கேள்விக்கான பதிலில் காலியிடக் கணக்கு சரியில்லை, இரண்டு மணிக்குள் மந்திரி ஆபீசுக்குப் போக வேண்டும், அந்தக் கணக்கு எனக்குத்தான் தெரியும். ஜல்தி, ஜல்தி என்றார்.

பதினைந்து நிமிஷத்தில் வருகிறேன் சார் என்றேன். என்ன விஷயம் என்றார். மாவேலு உள்ளே தூங்குகிறார், நான் காவல் நிற்கிறேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. கவர்மென்ட் ஆபீசில் தூக்கத்துக்குக் காவலா என்று கேட்டார். லஞ்ச் நேரத்தில் நான் எங்கே நிற்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை சார் என்றேன். எழுப்புங்கள் என்றார். எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம். இவர் கையெழுத்தில்தான் என் கடைசி ஆண்டு மதிப்பீட்டு ரிப்போர்ட். ஆனாலும் நகரவில்லை.

"வலிப்பு ஒண்ணும் இல்ல சார். காவலுக்கு ஆள் இல்லாம நாலு மாசமா படுக்கவே இல்ல. இப்போ தூங்க ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு தடவைகூட விழல. நான் நகர்ந்தா எழுந்துடுவார். அடுத்த வாரம் போர்டு" என்றேன். இந்தியில்தான் சொன்னேன், ஆனால் என் இந்தி அன்றைக்கு ரொம்பத் தடுமாறியது.

சாப் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். மாவேலு பக்கவாட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தார். காதுகள் தொங்கியிருந்தன. கனவில் ஓடுகிறார் போல, குளம்பு அலமாரியில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. சாப் நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"நின்னா போதுமா?" என்றார்.

"உட்காரக் கூடாது சார். சாயக் கூடாது. போனும் பார்க்கக் கூடாது."

போனை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்க போய் பதிலை முடிங்க. நான் நிக்கறேன்."

ஓடினேன். கணக்கைச் சரிசெய்து, பதிலை அனுப்பிவிட்டுத் திரும்பி வரும்போது ஒன்று நாற்பது. டெபுடி டைரக்டர் தேசிய கீதத்துக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். போகிற வருகிறவர்கள் காரணம் தெரியாமல் சலாம் வைத்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் மாவேலு உதறிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் சாப்பைப் பார்த்ததும் காது பின்னால் படிந்தது. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. இந்தியில், "என்ன வந்தது சாப்?" என்று கேட்டார்.

"பார்லிமென்ட் கேள்வி வந்தது. மேடம் பாத்துக்கிட்டாங்க. வேற ஒண்ணும் வரலை" என்றார் சாப்.

மாவேலுவின் காது மெல்ல முன்னால் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

6. புதன்கிழமை

போர்டுக்கான குறிப்பை சாப் தானே எழுதினார். காரணம் தூக்கமின்மை, ஆபீசில் ஏற்பாடு செய்யப்பட்டுவிட்டது, பிறகு ஒரு தடவையும் விழவில்லை என்று. மாவேலுவுக்குத் தகுதிச் சான்று கிடைத்தது. மெமோவை ரத்து செய்யும் நோட்டை நான் எழுதினேன். ரெக்கார்ட் ரூம் கதவின் உள்பக்கம் "ரெக்கார்ட் பராமரிப்பு டூட்டி" என்று தலைப்பிட்டு ஒரு லிஸ்ட் ஒட்டினோம். செக்‌ஷனில் எல்லோரும் கிழமைக்கு ஒருவராகப் பெயர் கொடுத்தார்கள். புதன்கிழமைக்கு நேரே சாப் தன் இனிஷியலைப் போட்டிருந்தார்.

எட்டு மாதம் கழித்து மாவேலுவுக்கு மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மனைவி, அம்மா, குழந்தைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ராத்திரி நிற்க வீட்டிலேயே ஆள் ஆயிற்று. இனி யாரும் நிற்க வேண்டியதில்லை என்று லிஸ்ட்டைக் கிழிக்கப் போனேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். பணி நேரத்தில் ஒருவர் தூங்கினால், மெமோ டிராப்ட் பண்ணுவதற்கு முன்னால் அவர் ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்று கேளுங்கள். நான் நாலு மாதம் கழித்துக் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்கலாம்.

லிஸ்ட்டைக் கிழிக்கவில்லை. நான் கிழிக்கப் போன அந்தப் புதன்கிழமை மணி ஒன்று அடித்ததும் சாப் வழக்கம்போல வந்து, போனை என்னிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நின்றுவிட்டார். குடும்பம் வந்த செய்தியை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். மாவேலு தலையைத் திருப்பி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார், வேண்டாம் என்று. நேராக உள்ளே போய் ஜமுக்காளத்தில் படுத்துக்கொண்டார். நிற்க ஒருத்தர் வந்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லக் கூடாதாம். அரை மணி நேரம் படுத்திருந்தாரே தவிரத் தூங்கவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். சாப்பிடம் அதை நான் இன்றுவரை சொல்லவில்லை.